பாப் ஃபாஸி பெற்ற பரிசு

1973-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த டோனி விருது விழாவில், 'பிப்பின்' என்ற இசை நாடகத்தை இயக்கியதற்கு ஒன்றும் அதற்கு நடனம் அமைத்ததற்கு ஒன்றுமாக இரண்டு பரிசுகளைப் பாப் ஃபாஸி பெற்றார். இரண்டு நாள் கழித்து லாஸ் ஏஞ்ஜலிஸில் நடந்த ஆஸ்கார் விழாவில், 'காபரே' படத்துக்காகச் சிறந்த டைரக்டர் என்னும் பரிசும் அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில், லைசா மினெல்லி தனியொருத்தியாக ஆடிப் பாடிய 'லைசா வித் எ ஸீ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எம்மி விருதுகள் மூன்று அவரைத் தேடி வந்தன. மேடை, திரை, தொலைக்காட்சி ஆகிய மூன்று துறைகளிலும் இயக்கத்துக்கான தலைமைப் பரிசை ஒரே ஆண்டில் வாங்கியவர் அவர் ஒருவரே; அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இல்லை, பின்னும் இன்றுவரை இல்லை.

இந்தப் பெருமையை ஒப்புக்கொள்பவர்களே அதன் நடுமணியைப் பற்றி மட்டும் வேறு அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விசித்திரம். ஃபாஸி ஆஸ்கார் பெற்ற அந்த இரவில் அவருடன் போட்டியில் நின்றவர் 'காட்ஃபாதர்' படத்தை எடுத்த பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. சிறந்த படத்துக்கான பரிசு 'காட்ஃபாதர்' படத்துக்குப் போயிற்று. சிறந்த டைரக்டருக்கான பரிசோ கொப்போலாவுக்குப் போகவில்லை. அன்று தொடங்கி, ஆஸ்கார் சபையார் செய்த பெரும் பிழைகளைப் பட்டியலிட முற்படும் விமர்சகர்களுள் பலர், இந்தத் தீர்ப்புக்கு அதில் ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு மகா காவியத்தை உருவாக்கியவனைப் புறக்கணித்துவிட்டு, ஒரு நடன ஆசிரியனை, அவன் ஆட்டங்களை அழகாகப் படம்பிடித்தான் என்பதற்காகச் சபையார் பாராட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. இது பலகாலும் பலராலும் சொல்லப்பட்டு, இன்று ஆராய்ச்சி வேண்டாத உண்மை என்ற அந்தஸ்தையே அடைந்துவிட்டது. இந்தக் கட்சி நியாயத்தில் நிற்கவில்லை என்பதும், நடனத்தைப் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு தாழ்வான எண்ணமே அதன் வேர் என்பதும் என் துணிபு.

'காட்ஃபாதர்' படத்தின் மேன்மையைக் குறைத்துப் பேசி ஃபாஸியை உயர்த்துவது என் நோக்கமன்று. அந்தப் படம் அமெரிக்கத் திரையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று என்பதிலோ, கொப்போலா அந்தப் பரிசைப் பெற்றிருந்தால் அதை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், ஒருவர் தகுதியுடையவர் என்பதிலிருந்து மற்றவர் தகுதியற்றவர் என்று முடிவு கட்டுவது எந்தத் தர்க்கத்திலும் அடங்காது. தகுதியுடைய இருவர் எதிரெதிரே நின்ற ஓராண்டில் சபையார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது வேறு. அவர்கள் பிழை செய்தார்கள் என்று சொல்வது வேறு. எதிர்க்கட்சியார் சொல்வது இரண்டாவது. ஆகவே, அதை நிலைநாட்ட அவர்கள் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதல் காரணம், சிறந்த படம் எதுவோ அதை எடுத்தவரே சிறந்த டைரக்டர் என்பது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் உண்மையானால், இரண்டு பரிசுகள் எதற்கு? ஒன்றே போதுமே. படம் என்பது கதை, நடிப்பு, இசை, தயாரிப்பாளரின் ஊக்கம் எல்லாம் சேர்ந்து விளைந்த விளைவு; இயக்கம் என்பது அந்த விளைவுக்குள் செயல்பட்ட ஒரு மனத்தின் தொழில். இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு பரிசுகள் ஏற்பட்டன. 1940-ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா'. சிறந்த டைரக்டர் ஜான் ஃபோர்ட். 1951-ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், ஜீன் கெல்லி ஆடிய 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' என்ற நாட்டியப் படம்; ஆனால் டைரக்டர் பரிசு அதை இயக்கிய வின்சென்ட் மினெல்லிக்குக் கிடைக்காமல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸுக்குப் போயிற்று. லைசா மினெல்லியின் தகப்பனாராகிய அந்த வின்சென்ட் மினெல்லிக்கு அன்று அநீதி இழைக்கப்பட்டது என்று இவர்கள் யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. நாட்டியப் படத்தை எடுத்தவரை விட்டுவிட்டு மற்றொருவரைப் பாராட்டினால் அது சபையாரின் விவேகம். மற்றொருவரை விட்டுவிட்டு நாட்டியப் படத்தை எடுத்தவரைப் பாராட்டினால் அது சபையாரின் பிழை. இதற்குப் பட்சபாதம் என்பதல்லாமல் வேறு பெயர் இல்லை.

அந்த ஒரே வாரத்தில் நடந்த மற்றொன்றையும் இங்கே கருத வேண்டும். ஆஸ்கார் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நடந்த டோனி விழாவில், சிறந்த இசை நாடகம் என்ற பரிசை வென்றது ஹெரால்டு பிரின்ஸ் இயக்கிய 'எ லிட்டில் நைட் மியூசிக்'. ஆயினும் சிறந்த இயக்கத்துக்கான பரிசு பிரின்ஸுக்குப் போகாமல், 'பிப்பின்' நாடகத்தை இயக்கிய ஃபாஸிக்கே போயிற்று. படைப்பு ஒன்று, இயக்கம் மற்றொன்று என்று நாடக உலகமும் திரை உலகமும் மூன்று நாள்களுக்குள் ஒரே விதமாகப் பிரித்துப் பார்த்தன. நாடக உலகத்தின் தீர்ப்பைப் பிழை என்று பேசுவாரைக் காணோம். நாடக மேடையில் நடன ஆசிரியன் இயக்குநராக நிற்பது 1950-களிலிருந்தே பழகிப்போன விஷயம். திரையிலோ அது இன்னும் அத்துமீறலாகத் தோன்றுகிறது என்பதே இந்த வேற்றுமைக்குக் காரணம்.

இரண்டாவது காரணம், டைரக்டர்கள் சங்கத்தார் அந்த ஆண்டில் கொப்போலாவையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது. தொழில் தெரிந்தவர்களின் சங்கம் ஒருவரைச் சொல்ல, நடிகரும் எழுத்தாளரும் தொழில்நுட்பக் கலைஞரும் கலந்த ஆஸ்கார் சபை மற்றொருவரைச் சொன்னால், தொழில் தெரிந்தவர்களின் வாக்கைத்தான் நம்ப வேண்டும் என்கிறார்கள். அந்தக் கொள்கையை அவர்கள் எப்போதும் கடைப்பிடிப்பதாக இருந்தால், அதற்கு வேண்டிய மதிப்பைக் கொடுக்கலாம். ஆனால் 2003-ஆம் ஆண்டில் அதே சங்கத்தார், ஃபாஸியின் மேடைப் படைப்பாகிய 'சிகாகோ'வைத் திரைக்குக் கொண்டுவந்தவரும், ஃபாஸியைப் போலவே நடனத்துறையிலிருந்து வந்தவருமான ராப் மார்ஷலைச் சிறந்த டைரக்டர் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்கார் சபையோ 'தி பியானிஸ்ட்' படத்தை எடுத்த ரோமன் பொலான்ஸ்கிக்குப் பரிசளித்தது. அந்த ஆண்டிலும் சங்கத்தின் வாக்கே வேதவாக்கு என்று இவர்கள் வாதாட வேண்டியிருந்தது, வாதாடவில்லை. அதுவன்றி, 'காபரே' படத்துக்காகச் சிறந்த டைரக்டர் என்ற பரிசைப் பிரிட்டிஷ் அகாதமியும் ஃபாஸிக்கே வழங்கியது. சாட்சிகளை எண்ணித்தான் வழக்கைத் தீர்ப்பது என்றால், எல்லாச் சாட்சிகளையும் அழைத்து விசாரிப்பதுதான் முறை.

மூன்றாவது காரணம், காலத்தின் தீர்ப்பு என்பது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகு 'காட்ஃபாதர்' படத்தை அறியாதார் இல்லை என்றும், 'காபரே'யை ரசிகர் சிலரே நினைவுகூர்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். புகழின் பரப்பைக் கொண்டு இயக்கத்தின் நுட்பத்தை அளப்பது தவறு என்பதை விளக்கவும் வேண்டுமா? கதையின் கவர்ச்சி, பாத்திரங்களின் கம்பீரம், தொடர்ந்து வந்த பாகங்கள், மக்கள் வாயில் பழகிப்போன வசனங்கள் முதலிய பல வாய்க்கால்களின் வழியே ஒரு படத்துக்குப் புகழ் வந்து சேருகிறது. இவற்றுள் எதுவும் 1972-ஆம் ஆண்டில் ஒரு டைரக்டர் செய்த வேலையின் அளவுகோல் ஆகாது. அன்றியும், 'காபரே' மறக்கப்பட்ட படமும் அன்று. அமெரிக்க அரசாங்கத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தகுந்தது என்று 1995-ஆம் ஆண்டிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. எட்டு ஆஸ்கார்களைப் பெற்றும் சிறந்த படம் என்ற பரிசைப் பெறாத படம் என்ற வகையில், அதன் கணக்கை இன்னும் எந்தப் படமும் கடக்கவில்லை.

இந்த மூன்று காரணங்களும் வெளிவாயிலில் நிற்கும் காவலர்கள்தாம். உள்ளே வீற்றிருக்கும் உண்மையான காரணம் நான்காவது: 'காபரே'யில் பாராட்டப்பட்டது நடனம், இயக்கம் அன்று; நடனம் என்பது கதையின் நடுவே வரும் அலங்காரம்; அலங்காரம் செய்தவனைச் சிற்பி என்று அழைத்துவிட்டார்கள் என்பது. பாட்டும் ஆட்டமும் வந்தவுடன் கதை நின்றுபோகிறது என்று எண்ணி இருக்கையை விட்டு எழுந்து போகும் வழக்கமுடைய நமக்கும் இந்த எண்ணம் புதிதன்று. எனவே 'காபரே'யில் ஃபாஸி செய்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

1966-ஆம் ஆண்டில் ஹெரால்டு பிரின்ஸ் மேடையேற்றிய 'காபரே' நாடகத்தில், பெர்லின் நகரத்து இரவு விடுதியில் நடக்கும் ஆட்டபாட்டங்களும் இருந்தன. விடுதிக்கு வெளியே பாத்திரங்கள் தங்கள் காதலையும் துயரத்தையும் பாட்டாகவே பாடும் கட்டங்களும் இருந்தன. இசை நாடகத்தின் சம்பிரதாயம் அது. ஃபாஸியின் படத்தில் அந்த இரண்டாம் வகைப் பாட்டுகள் மறைந்துவிட்டன. பாத்திரங்கள் வீட்டில் பாடுவதில்லை, தெருவில் ஆடுவதில்லை. பாட்டு என்றால் அது 'கிட் கேட்' விடுதியின் சிறிய மேடையில், காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களின் முன்னிலையில் நடக்கும் நிகழ்ச்சி. வெளியே நடப்பது 1931-ஆம் ஆண்டின் ஜெர்மனி. இந்தப் பிரிவினையால், மேடையில் பாடப்படும் ஒவ்வொரு பாட்டும் வெளியே நடக்கும் வாழ்க்கையைப் பற்றிய விமர்சனமாக மாறுகிறது. பணத்தைப் பற்றிய பாட்டு பணத்துக்கு அடிமையான காதலை உரைக்கிறது. கொரில்லா வேஷத்துடன் ஆடும் ஆட்டம், சிரித்துக்கொண்டிருந்த நம்மையே கடைசி வரியில் யூதத் துவேஷத்துக்கு உடந்தையாக்கிவிட்டு முடிகிறது. ஜே பிரெஸ்ஸன் ஆலனின் திரைக்கதையில் வித்தாக இருந்த இந்த அமைப்பு திரையில் பயிராக வேண்டுமானால், ஒவ்வொரு பாட்டையும் எந்தக் காட்சிக்கு எதிரே நிறுத்துவது, எந்த முகத்திலிருந்து எந்த முகத்துக்குத் தாவுவது என்று தீர்மானிக்கும் ஒரு கண் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குப் பெயர்தான் இயக்கம்.

விடுதிக்கு வெளியே ஒரே ஒரு பாட்டு பாடப்படுகிறது. அந்த விலக்கை வைத்தே ஃபாஸியின் மேதையை அறியலாம். வெயில் பொழியும் ஒரு கிராமத்துப் பீர்த் தோட்டத்தில், பொன்னிற முடியுடைய ஓர் இளைஞன் இனிய குரலில் பாடத் தொடங்குகிறான். காமிரா அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அந்த முகத்தின் தூய்மையில் மயங்குகிறோம். பிறகு காமிரா மெல்லக் கீழே இறங்குகிறது. அவன் கையில் சுற்றிய நாஜிப் பட்டையும் உடுத்திய சீருடையும் தென்படுகின்றன. சுற்றியிருந்தவர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று உடன் பாடுகிறார்கள். குரல்கள் பெருகப் பெருக முகங்களில் வெறி ஏறுகிறது. ஒரு கிழவர் மட்டும் எழவில்லை. ஒரு தேசம் எப்படி அறிவிழந்தது என்பதைச் சில நிமிஷங்களில் இதைவிடத் தெளிவாகச் சொன்ன காட்சி திரையில் எத்தனை உண்டு? இதில் நடனம் இல்லை. ஒருவரும் கால் தூக்கி ஆடவில்லை. ஆயினும், யார் எப்போது எழுவது, எந்த வரிசையில் எழுவது, யார் அமர்ந்தே இருப்பது என்ற கணக்கு முழுவதும் ஒரு நடன அமைப்பாளனின் கணக்கு. மனித உடல்களைக் காலத்திலும் இடத்திலும் ஒழுங்குபடுத்தி, அந்த ஒழுங்கிலிருந்து ஒரு பொருளை எழச் செய்யும் கலையை மேடையில் பயின்றவன், அதே கலையைத் திரையில் பிரயோகித்தான்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. எதிர்க்கட்சியாருடன் இந்த விவகாரத்தை அந்த ஓரிடத்திலேயே தீர்த்துக்கொள்ளவும் நான் ஒப்புவேன். விடுதியிலிருந்து ஒரு நாஜியை வெளியேற்றிய மானேஜரை அவன் கூட்டாளிகள் பழிவாங்க வருகிறார்கள். உள்ளே மேடையில், ஆடுவோர் தம்மையும் பிறரையும் தட்டித் தாளமிடும் பவேரிய நாட்டு ஆட்டம் நடக்கிறது. வெளியே மானேஜரை அடித்து நொறுக்குகிறார்கள். மேடையில் விழும் அறையும் தெருவில் விழும் அடியும் ஒரே தாளத்தில் மாறி மாறி வருகின்றன. உள்ளே சிரிப்பு, வெளியே இரத்தம். இப்போது 'காட்ஃபாதர்' படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. சாத்தானைத் துறப்பதாகக் கதாநாயகன் மைக்கேல் வாக்களிக்கிறான். அதே வேளையில் அவன் ஏவிய ஆட்கள் எதிரிகளை ஒருவர் பின் ஒருவராகக் கொன்றுதீர்க்கிறார்கள். சடங்கும் கொலையும் மாறி மாறி வருகின்றன. இரண்டு படங்களும் ஒரே ஆண்டில், ஒரு மாத இடைவெளியில் வெளிவந்தவை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததற்கு இடமில்லை. இரண்டும் ஒரே உத்தி; இரண்டும் ஒரே உயரம். ஆயினும் விமர்சகர்கள் கொப்போலாவின் காட்சியை இயக்கத்துக்கு இலக்கணம் என்று பாடமாக வைக்கிறார்கள். ஃபாஸியின் காட்சியையோ நல்ல ஆட்டம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். தேவாலயத்துச் சடங்குக்குப் பதிலாக விடுதி மேடையின் ஆட்டம் வந்துவிட்டது என்பதைத் தவிர, இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே வேறு என்ன காரணத்தைக் காட்ட முடியும்?

ஃபாஸிக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், நடனம் அவருக்குத் தடையாக இருந்ததா, துணையாக இருந்ததா என்பதும் விளங்கிவிடும். 1927-ஆம் ஆண்டில் சிகாகோவில் பிறந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே, ஆடை களையும் ஆட்டங்கள் நடக்கும் கீழ்த்தர விடுதிகளின் மேடைகளில் ஆடிப் பிழைத்தவர். கேளிக்கையின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் அழுக்கை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பின்னால் ஹாலிவுட் சென்று, 'கிஸ் மீ கேட்' என்ற படத்தில் தமக்கென்று கிடைத்த ஒரு நிமிஷத்துக்கும் குறைவான ஆட்டத்தைத் தாமே அமைத்து, பார்த்தவர் கவனத்தைக் கவர்ந்தார். 1954-ஆம் ஆண்டில் மேடையேறிய 'தி பஜாமா கேம்' நாடகத்துக்கு அமைத்த நடனத்தால் முதல் டோனியைப் பெற்றார். உள்நோக்கித் திரும்பிய முழங்கால்கள், குனிந்த தோள்கள், கண்ணை மறைக்கும் தொப்பி, கையுறை அணிந்த விரல்களின் சிறு அசைவு என்று அவர் வகுத்த பாணி, விரிந்து பறக்கும் பழைய நடனத்துக்கு நேர் எதிரானது. ஒரு விரலின் அசைவில் ஒரு பாத்திரத்தின் மனத்தைக் காட்டுவது அதன் லட்சியம். அத்தகைய அசைவு, பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதைவிட, காமிராவின் நெருக்கக் காட்சிக்கே பொருத்தமானது. ஆகையால் ஃபாஸி மேடையிலிருந்து திரைக்கு வழிதவறி வந்தவர் அல்லர். மேடையில் இருந்த காலத்திலேயே திரையின் மொழியை நாடிக்கொண்டிருந்தவர்.

ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தும், படத்தொகுப்பாளர் டேவிட் பிரெதர்டனும், பாட்டுகளின் இசையைத் திரைக்கு ஏற்ப அமைத்த ரால்ஃப் பர்ன்ஸும் செய்ததை ஃபாஸியின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று சிலர் கூறுவதுண்டு. அவர்கள் மூவரும் அதே இரவில் தத்தமது ஆஸ்காரைப் பெற்றார்கள். யாருடைய பங்கும் மறைக்கப்படவில்லை. கார்டன் வில்லிஸின் இருள் சூழ்ந்த ஒளிப்பதிவு இல்லாமல் 'காட்ஃபாதர்' இல்லை. அதை முன்வைத்துக் கொப்போலாவின் பெருமையைக் குறைப்பாரும் இல்லை. கொப்போலாவும் அன்று வெறுங்கையோடு திரும்பியவர் அல்லர்: நாவலாசிரியர் மரியோ பூஸோவுடன் சேர்ந்து எழுதிய திரைக்கதைக்காக அவருக்கும் ஆஸ்கார் கிடைத்தது. படத்தின் பெருமை படத்துக்கும், கதையை வகுத்த பெருமை எழுத்துக்கும், காட்சியை அமைத்த பெருமை ஃபாஸிக்குமாகச் சபையார் பகிர்ந்தளித்தார்கள் என்று கொண்டால், அந்தத் தீர்ப்பில் ஓர் ஒழுங்கே புலப்படுகிறது.

அந்த ஆண்டு ஃபாஸிக்கு அதிர்ஷ்ட ஆண்டு, ஓர் அலை வந்து மூன்று பரிசுகளையும் அவர் காலடியில் ஒதுக்கிவிட்டது என்று சொல்வாரும் உண்டு. இவர்கள் அந்த அலைக்கு முன்னும் பின்னும் இருந்த கடலைப் பார்க்கவில்லை. அவர் இயக்கிய முதல் படமாகிய 'ஸ்வீட் சாரிட்டி' 1969-ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் நஷ்டம் கண்டது. அந்தத் தோல்வியால் ஹாலிவுட் அவரிடம் நம்பிக்கை இழந்திருந்த காலத்தில், தயாரிப்பாளர் சை ஃபாயர் அவரையே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால்தான் 'காபரே' அவர் கைக்கு வந்தது. அலை எதுவும் அன்று அவரைத் தாங்கவில்லை. பரிசுக்குப் பிறகு அவர் எடுத்த 'லென்னி' என்ற படம், லென்னி புரூஸ் என்ற நகைச்சுவைப் பேச்சாளரின் வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் சொல்வது. இசை நாடகமே அன்று. அந்தப் படத்துக்கும் அவர் பெயர் டைரக்டர் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. ஆட்டத்தை நீக்கிவிட்டால் ஃபாஸியிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை என்றால், ஆட்டமே இல்லாத ஒரு படத்தில் சக டைரக்டர்கள் கண்டு முன்மொழிந்தது எதை?

அந்த 1974-ஆம் ஆண்டுப் போட்டியில் ஃபாஸியை வென்றவர், 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை எடுத்த அதே கொப்போலா. 1979-ஆம் ஆண்டுப் படங்களுக்கான போட்டியில் இருவரும் மூன்றாம் முறையாக எதிரெதிரே நின்றார்கள்: கொப்போலா 'அபோகலிப்ஸ் நௌ' படத்துக்காகவும், ஃபாஸி 'ஆல் தட் ஜாஸ்' படத்துக்காகவும். இருவரையும் விட்டு ராபர்ட் பெண்டனிடம் பரிசு போயிற்று. மூன்று முறை சந்தித்ததில் ஆளுக்கொரு முறை வென்று, ஒரு முறை இருவரும் தோற்றார்கள். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? தம் மாரடைப்பையும் தம் குற்றங்களையும் தாமே அறுவை செய்து பார்த்ததாகிய அந்த 'ஆல் தட் ஜாஸ்', 1980-ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை, ஜப்பானிய மேதை அகிரா குரோசாவாவின் 'ககேமுஷா'வுடன் பகிர்ந்துகொண்டது. குரோசாவாவோடு சமமாக வைத்து ஒரு சர்வதேச நடுவர் குழு மதித்த கலைஞனை, ஆட்டம் சொல்லிக்கொடுப்பவன் என்று ஒதுக்குவது எளிதன்று.

பிழை என்றால், அது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆஸ்கார் சபையார் 1935-ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கி மூன்றே ஆண்டுகள் நடன இயக்கத்துக்கு என்று ஒரு பரிசு வழங்கினார்கள். 1937-ஆம் ஆண்டுப் படங்களோடு அதை நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பெண்களின் வரிசைகளை மேலிருந்து நோக்கிய காமிராவுக்காக வகுத்து, திரை நடனத்துக்கே ஒரு புது இலக்கணம் கண்ட பஸ்பி பெர்க்லி, அந்த மூன்று ஆண்டுகளிலும் முன்மொழியப்பட்டார். ஒரு முறையும் பரிசு பெறவில்லை. அதன்பின் ஜீன் கெல்லி, ஜெரோம் ராபின்ஸ், ஓனா ஒயிட், மைக்கேல் கிட் என்று அவ்வப்போது ஒருவருக்குக் கௌரவ விருது கொடுத்ததோடு சபை திருப்தி அடைந்துவிட்டது. நாடக உலகத்திலும் இதன் நிழல் இல்லாமல் இல்லை. ஃபாஸி வாழ்நாளில் பெற்ற டோனி விருதுகள் ஒன்பது. அவற்றுள் எட்டு நடனத்துக்கு, ஒன்றே ஒன்று இயக்கத்துக்கு. 'ரெட்ஹெட்', 'ஸ்வீட் சாரிட்டி', 'டான்சின்', 'பிக் டீல்' ஆகிய படைப்புகளை இயக்கியவரும் அவரே, நடனம் அமைத்தவரும் அவரே. பரிசளித்தவர்களோ பிரிக்க முடியாத ஒரு தொழிலை இரண்டாகப் பிரித்து, நடனத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு இயக்கத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். 1976-ஆம் ஆண்டில் 'சிகாகோ' நாடகம் பதினொரு முன்மொழிவுகளைப் பெற்றும் ஒரு பரிசும் இல்லாமல் திரும்பியது. இருபத்தோர் ஆண்டு கழித்து, ஃபாஸி மறைந்த பின்னர், அவர் பாணியிலேயே மீண்டும் மேடையேறிய அதே 'சிகாகோ' ஆறு டோனிகளைப் பெற்றது. அறுபதாம் வயதில், 1987-ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் நாடகம் ஒன்று மறுபடியும் அரங்கேறும் மாலையில் வாஷிங்டன் நகரத்தில் உயிர்நீத்த அவர் அதைக் காணவில்லை.

இந்தப் பெரிய கணக்கை முன்னால் வைத்துப் பார்க்கும்போது, 1973-ஆம் ஆண்டின் ஆஸ்கார் தீர்ப்பு ஒரு பிழையாகத் தோன்றவில்லை. நெடுநாள் வழக்கமாகிப்போன ஒரு பிழை, ஒரே ஓர் இரவில் திருத்தப்பட்டதாகவே தோன்றுகிறது. அதற்கு முன்பும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்காக ஜெரோம் ராபின்ஸுக்கு டைரக்டர் பரிசு கிடைத்ததுண்டு; ஆனால் அது ராபர்ட் வைஸுடன் பகிர்ந்த பரிசு. பக்கத்தில் மற்றொரு டைரக்டர் துணை நிற்காமல், நடனத்துறையிலிருந்து வந்த ஒருவன் தன் பெயரில் மட்டும், முழுமையாக, இயக்கம் என்ற பெயரிலேயே அந்தப் பரிசை வாங்கினான் என்பதில் ஒரு நியாயம் நிறைவேறியது.

ஆகவே, இது பிழை என்று இனியும் சொல்ல விரும்புவோரிடம் நான் கேட்பது ஒன்றே. 'காட்ஃபாதர்' எவ்வளவு உயர்ந்தது என்பதை மீண்டும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். அதை நாம் அறிவோம். 'காபரே'யை எடுத்துக்கொள்ளுங்கள். பீர்த் தோட்டத்துப் பாட்டில் காமிரா இறங்கிய கணத்தை முன்னோ பின்னோ நகர்த்திக் காட்டுங்கள். மேடை அறையையும் தெருவடியையும் வேறு விதமாகக் கோத்துக் காட்டுங்கள். பாட்டுகளை விடுதிக்குள் அடைத்த அந்த ஒரு முடிவைவிடச் சிறந்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள். இவற்றுள் ஒன்றையேனும் செய்துகாட்ட முடிந்தால், பிழை என்ற சொல்லுக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறேன். முடியாதென்றால், பாப் ஃபாஸி அந்தப் பரிசை நடனத்தின் தயவால் பெற்றவர் என்று பேசுவதை விட்டுவிட்டு, இயக்கத்தின் பெயரால், உரிமையோடு பெற்றவர் என்று திரை வரலாற்றில் எழுதிவைப்பதே நியாயம்.